தையல் பிரிக்க ஆள் வேண்டும்

அன்புள்ள அம்மா,

அப்பாவின் முட்டிவலி குறைந்ததா? நீ வேளைக்கு மாத்திரை போடுகிறாயா? நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன், நம்பு.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம். போனில் சொன்னால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் மருத்துவ முகாம் இன்று முடிந்தது. கடைசியாக ஒரு தச்சர் வந்தார். கழுத்தில் கட்டி. அவசரமே இல்லாத கட்டி. எண்ணிக்கை கூடட்டும் என்று பெரிய டாக்டர் அறுத்துத் தைத்துவிட்டார்.

"தையல் பிரிக்க எப்பம்மா வரணும்?" என்று தச்சர் என்னைக் கேட்டார். "அடுத்த வாரம்" என்றேன். பிறகுதான் உறைத்தது. அடுத்த வாரம் நாங்கள் இங்கே இல்லை. இங்கிருந்த ஒரே நர்ஸையும் அவர் அறை எங்களுக்கு வேண்டும் என்று விடுப்பில் அனுப்பிவிட்டோம். மாதக் கடைசியில்தான் திரும்புவார்.

பெரிய டாக்டரிடம் போனேன்.

"யாராவது பிரிச்சு விடுவாங்க. பொட்டி கட்டற நேரத்துல உயிரை வாங்காதம்மா."

"யாரு சார்? அவரே கண்ணாடியைப் பார்த்து உளியால எடுத்துக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உதவி செய்ய வந்தோமாம்! ஒரு மனிதனின் கழுத்தில் நூலை விட்டுவிட்டு, கும்பலாக நின்று படம் எடுத்துக்கொள்வது உதவியா?

நான் கிளம்பவில்லை. நர்ஸ் வரும்வரை இங்கேதான். அப்பாவிடம் பக்குவமாகச் சொல்.

மாலையில் கூப்பிடு. பேச ஒன்றும் இல்லாவிட்டால் போனை அடுப்படியில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கதவைத் தட்டுகிறார்கள். கையில் கட்டோடு ஓர் அம்மா. ஓடுகிறேன்.

உன் மகள்