பந்தியில் அமர்ந்த நீதிபதி

காரமடை,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

அன்புச்செல்வி எழுதுவது. அத்தையும் நானும் நலம். நம் பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. அங்கே உங்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா?

போனில் கேஸ் பேச்சை எடுத்தாலே நீங்கள் சத்தம் போடுகிறீர்கள், நான் அழுகிறேன், அதோடு முடிந்துபோகிறது. அதனால்தான் எழுதி, தோஹா திரும்பும் நிதீஷ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

தீபாவளிக்கு முன்பு வரவேண்டிய தீர்ப்பு தள்ளிப்போய்விட்டது என்று மட்டும்தான் உங்களிடம் சொன்னேன். தள்ளவைத்ததே நாங்கள்தான்.

தீர்ப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கல்யாணப் பெண்ணுக்குச் சேலை கட்டிவிடக் கோவையில் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சரவணம்பட்டி பார்லர் அக்கா பிடித்துக்கொடுத்த வேலை. போன பிறகுதான் தெரிந்தது, உங்கள் அப்பா மேல் காரை ஏற்றிக் கொன்ற அந்த மில்காரர் மகனுடைய சித்தப்பா வீட்டுக் கல்யாணம் என்று. வேலையை முடித்துவிட்டுப் பின்வாசல் வழியாகக் கிளம்பினேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. முதல் வரிசையில் நம் கேஸை விசாரித்த நீதிபதி உட்கார்ந்திருந்தார். அவர் இலையில் அந்த மில்காரர் மகனே குனிந்து நெய் ஊற்றினான். போதும் போதும் என்று அவர் கையைக் காட்டிச் சிரித்தார்.

அன்று ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு வேளை சோற்றுக்காகவா தீர்ப்பை மாற்றப்போகிறார் என்று தோன்றும். உடனேயே, தன் முன்னால் கூண்டில் நின்றவனை அவருக்கு அடையாளம் தெரியாதா என்றும் தோன்றும்.

மறுநாள் அத்தையோடு நம் வக்கீல் கனகம் அம்மாவிடம் ஓடினேன். அவர் சொன்னார்: "சொல்றதா இருந்தா இப்பவே சொல்லோணுங்க அம்மணி. தோத்தப்பறம் சொன்னா வயித்தெரிச்சல்ம்பாங்க. ஆனா அவரு ஒருவேளை நம்ம பக்கமே எழுதி வெச்சிருந்தா, அதுவும் நமக்கு இல்லாமப் போயிருமுங்க." கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், பணம் கைமாறியது என்றெல்லாம் தெரியாததை எழுதக்கூடாது என்று கண்டிப்பாகவும் சொன்னார்.

அத்தைதான் பேசினார்கள். "நமக்கே ஜெயிச்சுக் குடுத்தாலும், அந்தப் பந்தியில உக்காந்து எந்திரிச்சு வந்து குடுக்கறது எனக்கு வேண்டாமுங்க. எழுது கண்ணு."

உயர் நீதிமன்றத்துக்குப் புகார் போனது. பார்த்தவள் நான் என்பதால் கையெழுத்தும் என்னுடையது. உங்களைக் கேட்டிருந்தால் போடவிட்டிருக்கமாட்டீர்கள்.

கேஸ் இப்போது வேறு கோர்ட்டுக்கு மாறிவிட்டது. அந்த நீதிபதியிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். அவர் என்ன சொன்னார், அதற்கு மேல் என்ன நடந்தது என்பதெல்லாம் நமக்குச் சொல்லமாட்டார்களாம். அதே கட்டடத்தில்தான் இன்னும் மற்றவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார். புதிதாக வந்திருப்பவர் ஒரு அம்மா. பொறுமையாகத்தான் கேட்கிறார். ஆனால் அவரைப் பார்க்கும்போதும், இவர் யார் வீட்டில் கை நனைத்தாரோ என்றுதான் என் மனம் போகிறது. ஒன்றும் அறியாதவரை இப்படிச் சந்தேகப்படுகிறேனே என்று எனக்கே பயமாக இருக்கிறது மாமா.

போன வாரம் மில்லிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். "ஏனுங்க அம்மணி, சௌக்கியமுங்களா? ஊட்டுக்காரரு எந்தக் கம்பெனியிலீங்க இருக்காரு?" என்று தன்மையாகக் கேட்டார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து கதவைத் தாழிட்ட பிறகும் எழுந்தெழுந்து போய்ப் பார்க்கிறேன்.

வண்டியை ஓட்டியது டிரைவர்தான் என்று சாதிக்கிறார்கள் அல்லவா, அதற்காக அத்தையை மறுபடியும் குறுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஸ்டியரிங்கில் இருந்தவன் முகத்தைப் பார்த்தவர் அத்தை ஒருவர்தானே. கண் சரியாகத் தெரியுமா, புருஷன் குடிப்பாரா என்று போன தடவையே குடைந்தெடுத்தார்கள். பதில் சொல்லச் சொல்ல, அத்தை திரும்பித் திரும்பி நம் ஆட்கள் உட்காரும் பெஞ்சைப் பார்த்தார்கள். அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.

மாசித் தேர் முடிந்த மறுவாரம் வாய்தா. உங்களை வரச்சொல்லி எழுதப்போகிறேன் என்றதும், "அவனுக்கு லீவு கெடைக்காது, தொந்தரவு பண்ணாத கண்ணு" என்றார்கள். சொல்லிவிட்டு, பீரோவிலிருந்து உங்கள் வெள்ளைச் சட்டையை எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரங்கநாதர் உங்களுக்கு வழித்துணையாக வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புச்செல்வி