ஏழாம் ஜோடி

மே 5, செவ்வாய்

பட்டியலை நான்காவது முறையாகத் திருத்தி எழுதிவிட்டேன். இருபத்து நான்கு பேர், பன்னிரண்டு ஜோடி. வெள்ளத்தில் கூரை போன முதியோர் இல்லத்துக்கு நான் செயலாளராக இருக்கும் சபையிலிருந்து நான்கு நாள் வேலை செய்யப் போகிறோம். பெயிண்ட், கதவு, ஜன்னல் திரை. வழியில் யாரும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக நான் கண்டுபிடித்த ஏற்பாடுதான் இந்த ஜோடி. நான் எண்ணைக் கூப்பிடுவேன். பக்கத்து ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு மற்றவர் பதில் சொல்ல வேண்டும். தனக்குத் தானே "இருக்கேன்" என்று சொல்வது செல்லாது. போதகரே பாராட்டினார். ஆஸ்பத்திரி ஸ்டோரில் பதினெட்டு வருடமாகப் பஞ்சு முதல் ஊசி வரை எண்ணுகிறவனுக்கு இருபத்து நான்கு பேர் எந்த மூலைக்கு?

ஏழாம் ஜோடி நானும் என் மனைவியும்.

அவள் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து, "உங்ககிட்ட ஒண்ணு பேசணும். அக்கா போன் பண்ணியிருந்தா" என்றாள். பட்டியல் முடியட்டும் என்றேன்.

மே 9, சனி

பஸ்காரர் போனை எடுப்பதில்லை. பெயிண்ட் கடைக்காரர் நாளை, நாளை என்கிறார். தலைக்கு மேல் வேலை. இதற்கு நடுவில் அவள் மறுபடி, "அந்த அக்கா விஷயம்..." என்று ஆரம்பித்தாள். போய்விட்டு வந்து நிதானமாகப் பேசலாம் என்றேன். சரி என்றாள்.

அவ்வளவு சீக்கிரம் சரி சொல்ல மாட்டாளே. என்னவோ உறுத்துகிறது. இல்லை, பெயிண்ட் கவலையாக இருக்கும்.

மே 13, புதன்

பிரஷ் ஏழு குறைகிறது. உட்கார்ந்தால் எழுந்திரு என்கிறது, எழுந்தால் உட்கார் என்கிறது இந்தப் பாழும் மனசு.

மே 14, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஐந்து மணிக்கு வர வேண்டிய பஸ் ஏழரைக்கு வந்தது. ஏற்றும்போதே ஒரு பெயிண்ட் டின் மூடி திறந்து, போர்வை மூட்டையில் பாதி வெள்ளையாகிவிட்டது. டிரைவருக்கு வழி தெரியாது. நான்தான் முன்னால் என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் எனக்குப் பின் சீட்டில். அவளுடைய போன் என் பையில். எங்காவது வைத்துவிட்டு மறந்துவிடுவாள் என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன்.

பத்தரைக்கு ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். டீ, பாத்ரூம். ஏற்கெனவே தாமதம். எல்லோரையும் விரட்டி ஏற்றினேன். எண்களைக் கூப்பிட்டேன். ஒன்று, "இருக்காங்க". இரண்டு, "இருக்காரு". ஏழு வந்தது. "இருக்கு" என்று நானே சொல்லிவிட்டு எட்டு என்றேன்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதினொன்றுக்கு ஒரு தெரியாத எண்ணிலிருந்து போன். வெட்டிவிட்டேன். மறுபடி வந்தது. மறுபடி வெட்டினேன். வழி சொல்கிற நேரத்தில் எவன் இவன் என்று எரிச்சல்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஃபேன் பெல்ட் அறுந்தது. நிழலே இல்லாத ரோடு. சரி, நேரத்தை வீணாக்க வேண்டாம், இங்கேயே சாப்பிட்டுவிடலாம் என்று பொட்டலங்களை இறக்கச் சொன்னேன். நானே எண்ணிக் கொடுத்தேன். ஒன்று மிஞ்சியது. "யாரோ வாங்கல. யாரு அது? வெக்கப்படாம வாங்க" என்று சத்தம் போட்டேன். மூன்று முறை சத்தம் போட்டேன். அப்போதுதான் எங்களோடு சமையலுக்கு வந்திருந்த அக்கா என்னையே பார்த்தார்.

"செயலாளரே, உங்க வீட்டம்மா எங்க?"

அவள் சீட்டில் அவளுடைய பையும் அதன்மேல் சால்வையும் இருந்தன. தலைவலி என்று படுத்திருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்களாம். காலையில் அவள் இறங்கும்போது, "பாத்ரூம்ல கூட்டமா இருக்கு, வந்துடறேன்" என்றாள். நான் "ம்" என்றேன். அந்த "ம்" இப்போது எனக்குக் கேட்கிறது. அப்போது கேட்கவில்லை.

தெரியாத எண்ணைக் கூப்பிட்டேன். பங்க்காரர் எடுத்தார்.

"அந்தம்மா காய்கறி லாரில ஏறிக் கெளம்பி ரெண்டு மணி நேரம் ஆச்சுங்க. நீங்க போற ஊர்ப் பக்கம் போற லாரிதான், பெரியவர் ஒருத்தர் ஓட்டறாரு. தெரிஞ்சவருதான், பயப்படாதீங்க. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரர்."

"ஓ" என்றார். அந்த "ஓ"வுக்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மெக்கானிக் வந்து பெல்ட் மாட்டி, நாங்கள் இல்லத்துக்கு வந்து சேரும்போது மாலை ஆறு. அவள் மூன்று மணிக்கே வந்துவிட்டாள். ஏணியில் நின்று டேப் வைத்து ஜன்னல் அளந்துகொண்டிருந்தாள். நான் கீழே போய் நின்றேன்.

"வந்துட்டீங்களா? பதினெட்டு ஜன்னல் இருக்கு. கொண்டுவந்த துணி பத்தாது" என்றாள்.

அவ்வளவுதான்.

மே 15, வெள்ளி

மன்னிப்புக் கேட்டேன். "அதான் வந்து சேந்துட்டேன்ல, விடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாள் முழுக்க ஒரே சுவருக்கு மூன்று கோட் அடித்திருக்கிறேன். கதவு வேலைக்கு எங்களோடு வந்த தச்சர் பார்த்துவிட்டு, "செயலாளரே, செவுரு அங்கயேதான் இருக்கு. எங்கயும் எறங்கிப் போகாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அசடு வழிந்தேன்.

அவள் சிரித்தாளா? பார்க்கத் தைரியம் இல்லை.

மே 16, சனி

இன்று அவளே பேசினாள். சாப்பாட்டு அறையில் திரைத் துணியை நான் பிடிக்க, அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்.

"நேத்திக்கு முந்தின நாள் நான் உங்களப் பாத்தேன்."

"எங்க?"

"ரோட்டுல. பஸ் நின்னுட்டு இருந்துது. லாரிக்காரர் பிரேக்கே போட்டுட்டார், உங்க ஆளுங்களாம்மான்னு கேட்டார். நீங்க வாசல்ல நின்னு பொட்டலம் எண்ணிட்டு இருந்தீங்க. மூஞ்சில ஒரு பதட்டமும் இல்ல. நிறுத்த வேண்டாம், போங்கன்னு நான்தான் சொன்னேன்."

கத்தரி ஓடிக்கொண்டே இருந்தது. நான் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு பக்கத்தில் போயிருக்கிறாள். நான் பொட்டலம் எண்ணியிருக்கிறேன்.

அப்புறம் அந்த விஷயத்தையும் சொன்னாள். அவளுடைய அக்கா தனியாகத் தையல் வகுப்பு நடத்துகிறாள். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், வந்து கூட இரு என்று கூப்பிட்டிருக்கிறாள். இதைத்தான் இரண்டு முறை சொல்ல வந்தாளாம்.

"அப்ப உங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு இருந்தேன். லாரில வரும்போது முடிவு பண்ணிட்டேன். போறேன்."

"எவ்ளோ நாள்?"

"தெரியல."

இருபத்தாறு வருடம். தெரியல என்கிறாள். போகாதேன்னு சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கு? எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சொல்றது?

மே 17, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பட்டியலைச் சமையல் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பதினெட்டு ஜன்னலிலும் திரை தொங்குகிறது. என் சுவரும் நன்றாகத்தான் வந்திருக்கிறது, ஐந்து கோட்.

மே 18, திங்கள்

திரும்புகிற பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. அவள் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பழைய இடத்தில்.

சமையல் அக்கா எண்களைக் கூப்பிட்டார். ஆறு வரை மளமளவென்று வந்தது.

"ஏழு."

எனக்கு நானே சொல்லக் கூடாது. நான் போட்ட சட்டம்தானே. யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. தச்சர்கூட வெளியே மரத்தை வேடிக்கை பார்த்தார். அக்கா எட்டு என்று தாண்டிப் போயிருக்கலாம், போகவில்லை.

பின்னால் சீட்டுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு யாரோ நடந்து வரும் சத்தம். அவள்தான். என் எதிரில் வந்து நின்று, தைத்த துணியில் பிசிறு தேடுகிற மாதிரி என் முகத்தைப் பார்த்தாள். அவசரமே இல்லை.

"இருக்காரு" என்றாள்.

அடுத்தது என் முறை. நானும் எழுந்து நின்று பார்த்தேன். இடது புருவத்தில் இரண்டு நரைமுடி. தோளில் நீல நூல் ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே இவ்வளவு கறுப்பு எப்போது வந்தது? எத்தனை நாளாக இதெல்லாம் இருக்கிறது, நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

"இருக்கா" என்றேன்.

அவள் கடைசி சீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

மே 26, செவ்வாய்

மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு உறை மாட்டிவிட்டாள். வீட்டில் சத்தமே இல்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

ஜூன் 1, திங்கள்

காலையில் ரயில் ஏற்றிவிட்டேன். போனை அவள் கையிலேயே கொடுத்தேன். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. கேட்டால் மறுபடி தெரியல என்பாளோ என்று பயம்.

மதியம் தெரியாத எண் ஒன்று. முதல் மணியிலேயே எடுத்தேன். இன்ஷூரன்ஸ் விற்கிற பெண். பாவம், முழுவதும் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

ஐந்து மணிக்கு இன்னொரு தெரியாத எண்.

"நான்தான். பக்கத்து சீட்டுக்காரம்மா போன்லேருந்து பேசறேன். என்னோடதுல சார்ஜ் போயிடுச்சு."

"சொல்லு" என்றேன்.

சொன்னாள். ரயிலில் கூட்டம், ஜன்னல் சீட் கிடைத்தது, எதிரில் ஒரு குழந்தை விடாமல் அழுதது, எல்லாம் சொன்னாள். நடுவில் நான் ஒரு "ம்" கூடப் போடவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா என்று இரண்டு முறை சந்தேகமாகக் கேட்டாள்.

வைக்கப் போகும்போது சொன்னாள். "நவம்பர் கடைசில திரும்பி வரதுக்கு டிக்கெட் நீங்களே போட்டுடுங்க. அப்புறம் கெடைக்காது. ஒரு ஆளுக்கு. எண்ணத் தெரியும்ல?"

தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை.

"பாத்துப் போடறேன்" என்றேன்.