தொடை வழியாகப் போன வால்வு

அம்மா, நெஞ்சைத் திறக்காமலே இதய வால்வை மாற்றிவிட்டார்கள், என் ரெண்டு கண்ணாலும் பார்த்தேன்!

உனக்கும் அப்பாவுக்கும் வணக்கம். அப்பாவுக்கு மூச்சு வாங்குவது எப்படி இருக்கிறது? நான் நலம்.

நேற்று ஆஸ்பத்திரி டூட்டியில் நான் கட்டிலில் தள்ளிக்கொண்டு போன பெரியவருக்கு எண்பத்திரண்டு வயது. அப்பாவைப் போலவே வால்வு சுருங்கி, "ஆபரேஷன் தாங்க மாட்டார்" என்று கைவிரிக்கப்பட்டவர். தொடை ரத்தக்குழாய்க்குள் மெல்லிய டியூபை விட்டு, மடக்கிய வால்வை இதயம் வரை ஏற்றினார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று திரையைப் பார்த்தேன். திடீரென்று துடிப்பு தாறுமாறாக ஓடியது, பிரஷர் சரிந்தது. அந்த நொடி கட்டிலில் அப்பாதான் தெரிந்தார். அவசர மருந்துகள் வைத்த தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்துவிட்டேன்!

"யாருப்பா அது? வால்வு நகராம உக்காரணும்னு நாங்கதான் வேகமா துடிக்க வைக்கிறோம். வெளிய போ!" என்றார் டாக்டர்.

சில நொடியில் எல்லாம் சீரானது. சாயங்காலம் பெரியவர் கூப்பிட்டார்.

"நான் செத்துட்டேன்னு ஓடி வந்தது நீதானா? நர்ஸம்மா சொல்லிச் சிரிக்குது. சரி, உள்ள போறப்ப உன்கிட்ட குடுத்த என் மூக்குக் கண்ணாடி எங்கடா?"

எல்லோருக்கும் இது பொருந்தாதாம், ஸ்கேன் பார்த்துத்தான் சொல்வார்களாம். அப்பாவின் எக்கோ ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. அப்பா பேசுவதையும் பதிவு செய்து அனுப்பு, நடுவில் இருமினாலும் பரவாயில்லை. டூட்டிக்கு நேரமாச்சு. அக்கா, மாமா எல்லோரையும் உட்காரவைத்து இதைச் சத்தமாகப் படி. அப்பாவுக்கு மட்டும் ரெண்டு தடவை.