வாடகைப் பட்டியலில் விட்டுப்போனது

ஃபோர்ட் மெக்முரே
அக்டோபர் 2018

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டாக்டரிடம் போனாயா, இல்லை போனதாகச் சொல்லப் போகிறாயா? நான் நலம்.

ஜனவரியிலிருந்து புதிய கணக்கியல் விதி வருகிறது. கம்பெனி வாடகைக்கு எடுத்ததெல்லாம் இனி நிதி அறிக்கையில் ஏற வேண்டும். மூன்று வாரமாக நானும் கூட வேலை பார்க்கும் டார்சியும் கிரேன், லாரி, ஜெனரேட்டர் என்று தேடித் தேடிப் பட்டியல் போட்டோம். நேற்று தணிக்கைக்கு வந்த ஹலீனா அதைப் படித்து முடித்துவிட்டு, தரையைக் காலால் தட்டினார்.

"நாம உக்காந்திருக்கிற இந்த ஆபீஸ் டிரெய்லர் யாரோடது?"

டார்சி என்னைப் பார்த்தான். "வாடகைதான்," என்றேன்.

"நல்லாத் தேடியிருக்கீங்க, போங்க."

ஓட்ஸ் பிஸ்கட் கொஞ்சம் அனுப்பு. நீ பின்னிய கையுறையும் வேண்டும். கடையில் வாங்கியது குளிர் தாங்கவில்லை.

பன்னிரண்டு மாதம் தாண்டாத வாடகையை அறிக்கையில் ஏற்றாமல் விடலாம். நீட்டிப்பது உறுதியென்றால்தான் ஏற்ற வேண்டும். என் அறைக்குப் பதினொரு மாத ஒப்பந்தம். நீட்டிக்கிறாயா என்று வீட்டுக்காரர் இன்று காலை கேட்டார். பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

மாட்டேன், வீட்டுக்கே திரும்பிப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன், அம்மா.

உன்
ரோன்டா