சர்க்கரை தாழாத நாள்

கிழக்கேகோட்டை,
4.4.2003

மாப்பிள்ளைக்கு, அத்தை எழுதுவது.

அன்றைக்குப் பிரசவ வார்டு வாசலில் நின்றவர்கள்: நான், நீங்கள், உங்கள் அம்மா மாடம்மாள், என் மகன் நயினார், டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி. ஆறு வருஷமாகியும் யார் எங்கே நின்றார்கள் என்பதுகூட மறக்கவில்லை.

என் மகள் செண்பகவல்லிக்கு அப்போது எட்டாம் மாசம். கண் மஞ்சள், ஓயாத வாந்தி. "கேடு ரத்தத்திலோ லிவரிலோ கிட்னியிலோ, பார்க்க மூணும் ஒருபோல இரிக்கும் அம்மே. ஷுகர் தாழ்ந்தா லிவர்தன்னே. அப்பமே குழந்தைய எடுக்கணும்" என்றாள் டாக்டர், மலையாளம் கலந்த தமிழில். ஷுகர் தாழவில்லை. மறுநாள்வரை காத்திருந்தாள். குழந்தை சுப்பு பிழைத்தாள். பெற்றவள் ரத்தம் நிற்காமல் போய்விட்டாள். அந்த டாக்டர் நாசமாய்ப் போகவேண்டுமென்று வெள்ளிக்கிழமைதோறும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன்.

இந்த லீவில் சுப்புவைக் கூட்டிப்போய் உங்களோடு வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறீர்கள். புதிதாய் வந்தவளும் நல்லவள் என்று கேள்வி. பெற்ற தகப்பனுக்கு இல்லையென்று சொல்வேனா? வாருங்கள்.

உலகம்மை


பொன்முடி எஸ்டேட்,
10.4.2003

அத்தைக்கு வணக்கம்.

டாக்டரைச் சபிக்காதீர்கள். மஞ்சள்காமாலைக்கு நல்லது என்று அம்மா கரும்புச் சாறு வாங்கி வந்தாள். வாயில் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தும், வாந்தி நின்ற நேரம் பார்த்து இரண்டு டம்ளர் கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள். "எந்தெங்கிலும் கொடுத்தோ?" என்று டாக்டர் கேட்டபோது அம்மா சொல்ல வாயெடுத்தாள். திட்டு விழுமே என்று நான் அவள் கையை அழுத்திவிட்டு, "ஒண்ணும் குடுக்கல்லே" என்றேன். அந்த இனிப்புதான் ஷுகரைத் தாழாமல் காட்டியது.

பெரிய மனசு பண்ணி மன்னியுங்கள். இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சுப்புவைக் கூட்டிக்கொள்ள வருகிறேன்.

தாணுமாலையன்


கிழக்கேகோட்டை,
14.4.2003

வராதே. வந்தால் நயினார் வாசலில் நிற்பான்.

நேற்று டாக்டர் வீட்டுக்குப் போனேன். உன் கடிதத்தை வாசித்துச் சொன்னேன். "ஒரு வாக்கு பறஞ்சிருந்தா போதுமாயிருந்தே அம்மே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆறு வருஷமாகத் தப்பான ஆளைச் சபிக்கவைத்தாயே.

சுப்புவுக்குப் பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான். இந்த லீவில் நான் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். நான் படித்தது மூன்றாம் கிளாஸ். அது போதும். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் அவள் முதலில் வாசிக்கப்போவது உன் கடிதத்தைத்தான். பிறகு அவளே முடிவு பண்ணட்டும், தகப்பனிடம் போவதா வேண்டாமா என்று.

சொல்ல வாயெடுத்த மாடம்மாள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பக்கத்தில் நின்றும் அவள் என்ன சொல்ல வந்தாள் என்று கேட்காத என்னைக்கூட ஒருநாள் மன்னித்துக்கொள்வேன். கட்டை வேகும்வரை நான் மன்னிக்காத ஆள் ஒருத்தன்தான்.

அவன் பேர் தாணுமாலையன்.

உலகம்மை