இந்தத் தீவில் இல்லாத குருவி

அண்ணே,

போன வாரம் வகுப்புக்கு எடுத்துப் போகவென்று உங்கள் பறவைப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன். விரித்ததும் நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு அடுப்புப் புகை வாசம். நீங்கள் போய்ச் சேர்ந்து, நான் லயத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்து, இத்தனை காலம் ஆன பிறகும் அந்தத் தாள்களில் புகை அப்படியே இருக்கிறது. மூடி வைத்திருக்கலாம். எடுத்துக்கொண்டு போனேன்.

சுற்றுலா வழிகாட்டி வேலைக்குப் பழகுகிறவர்களுக்கு நான் இப்போது நுவரெலியாவில் பறவைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறேன். எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டிருந்தார்கள். நம் நாட்டுப் பறவைகளுக்கென்றே வந்த சின்னப் புத்தகம் ஒன்றையும் உங்களுடையதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

உங்களுடையதை நீங்கள் கண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கினீர்கள். அதன் கனத்தைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்துச் சொன்னீர்கள்: "எல்லாக் குருவியும் இதுல இருக்கு தங்கச்சி." உண்மைதான். இமயமலை வரைக்கும் உள்ள எல்லாக் குருவிகளும் இருந்தன. நம் மலையில் இருப்பவை அவற்றுக்குள் எங்கேயோ தொலைந்து கிடந்தன.

நானுஓயா ஸ்டேஷனில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு வேனில் போவீர்கள். இங்கிலீஷ் பேசுவீர்கள், வாசிக்க வராது. அதனால் புத்தகம் என்னிடம் அடுப்படியில் இருக்கும். காட்டோரம் வேனை நிறுத்திவிட்டு ரகசியக் குரலில் போன் பண்ணுவீர்கள்.

"தங்கச்சி, காதுகிட்ட மஞ்சள் முடி. தலை கறுப்பும் வெள்ளையும். சீக்கிரம் பாரு."

படம் ஒரு பக்கம், விவரம் இன்னொரு பக்கம். நான் புரட்டி முடிப்பதற்குள், "போயிருச்சு, விடு" என்பீர்கள். குரலில் கோபம் இருக்காது.

அந்த நீலக் குருவியும் அப்படித்தான் வந்தது. மங்கலான நீலம், நெற்றி மட்டும் கொஞ்சம் பளிச்சென்று, வயிறு சாம்பல் என்றீர்கள். அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. நீலமாய் முதலில் கண்ணில் பட்ட ஈப்பிடிப்பானின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அது எந்த ஊர்க் குருவி என்று கீழே இருந்த வரைபடத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் அந்தப் பெயரை அப்படியே உங்கள் வேனில் வந்த வெள்ளைக்கார அம்மாவிடம் சொன்னீர்கள். அவர் பறவைகளைப் படித்தவர். அது இமயமலைக் குருவி, இந்தத் தீவுக்கு வந்ததே இல்லை என்று சிரித்தாராம்.

இதைத்தான் அண்ணே, வகுப்பில் சொன்னேன். பொருந்தாத புத்தகம் என்ன செய்யும் என்று காட்ட எனக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. "ஒரு டிரைவர் இருந்தாரு" என்று ஆரம்பித்தேன். ஒரு டிரைவர். டிரைவரே புத்தகத்தைப் பார்த்து டிரைவரே பெயரைச் சொன்னதாகச் சொன்னேன். உங்கள் இங்கிலீஷைக்கூட உங்களைப் போலவே பேசிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

என் அண்ணன் என்று சொல்லியிருந்தால் பெயரைச் சொன்னது யார் என்றும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். நாக்கு அதைத் தாண்டிப் போன நொடி எனக்கு நன்றாகத் தெரியும்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பின், நோர்வூட்டிலிருந்து வரும் ஒரு பிள்ளை மட்டும் மேசையருகில் நின்று உங்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், அந்த டிரைவர் அப்புறம் என்னாங்க ஆனாரு? வெக்கப்பட்டு வேலைய விட்டுட்டாரா?"

"இல்ல. கடைசி வரைக்கும் ஓட்டினாரு."

"எங்கப்பாவும் வேன்தான் ஓட்டுறாங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"அவரு எங்க அண்ணன்மா. பேரைத் தப்பா சொன்னது நான்" என்றேன்.

அவள் புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

அடுத்த வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். பின்வரிசைப் பையன் ஒருவன், "சாரி மிஸ்" என்றான். அவன் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? பிறகு சின்னப் புத்தகத்தையே வாங்கச் சொன்னேன். உங்கள் புத்தகம் நம் மலைக்கு உதவாது. அதை மாற்றிச் சொல்ல முடியவில்லை, அண்ணே. அதைச் சொல்ல உங்களைக் கேலி செய்திருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அந்த அம்மா சிரித்த நாள் சாயங்காலம் நீங்கள் வீட்டுக்கு வந்து என்னைத் திட்டுவீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். நீங்கள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னீர்கள்: "நம்ம ரெண்டு பேரும் கோட்டை விட்டுட்டோம் தங்கச்சி." என் தப்பில் பாதியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டீர்கள். நான் அதை முழுசாக உங்கள் தலையில் வைத்துச் சிரிப்புக் காட்டினேன். அந்த 'ரெண்டு பேரும்' என்ற சொல்லைத்தான் இப்போது தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.

உங்கள் தங்கச்சி