திருமதி விநாசித்தம்பி

ஆசைப் பேத்திக்கு,

உன் அண்ணன் டாக்டர், தங்கச்சி வக்கீல். நீயோ அந்தக்காலப் பெண்களின் எழுத்தை இணையத்தில் கண்காட்சியாக வைக்கிறாய். எங்கள் கெலுகோர் ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

போன கிழமை உன் மாமா தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் அக்காவின் பாட்டுகளை அவளுக்கே காட்டினான். கீழே ‘திருமதி விநாசித்தம்பி’ என்றிருந்தது. நம் வழக்கப்படி மரியாதையாகத்தான் போட்டிருப்பாய். ஆனால் அவள் பாட்டுகளை அடுப்பில் போட்டவரே அந்த அத்தான்தான், பிள்ளை. நான் ஒளித்தவைதான் மிஞ்சின.

“எரிச்ச மனுசன்ட பேரையே போட்டிட்டாளோ?” என்றாள். அன்றிலிருந்து கஞ்சிகூட வேண்டாமென்கிறாள். படுக்கையைவிட்டு எழவில்லை. என்ன சொல்லித் தேற்றுவேன்?

கெஞ்சிக் கேட்கிறேன், இன்றே ‘தவமணி’ என்று மாற்று.

வழக்கமாக அனுப்பும் உன் படம் இந்த முறை வேண்டாம். அவள் பெயரோடு அந்தப் பக்கத்தைப் புதிதாகப் படமெடுத்து, அவள் கண்மூடுமுன் வரும்படி தபாலில் போடு.

உன் அம்மம்மா